ஹாலுக்கு இரண்டு தடவை

எண்பதுகளின் நடுவில் ஈப்போ நகரில் ஓர் அலுவலகத்தில் வீட்டுப் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். வீட்டைத் திருத்திக் கட்டும்போது எந்த அறையை எங்கே வைக்கலாம் என்று அதையே கேட்க ஒரு புரோகிராம் எழுதினேன். எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறார்கள் என்று கட்டம் போட்டு நிரப்பிக் கொடுத்தால் போதும். அறைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, அதிகம் போகும் அறைக்கு அதிக இடம் ஒதுக்கி, நடை குறைந்த பிளானைச் சொல்லிவிடும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் ஜெலாப்பாங்கில் இருந்த அக்கா வீட்டை இடித்துத் திருத்த நினைத்தாள். அக்காவும் மச்சானும் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டை விட்டு வந்து வாங்கிய முதல் சொந்த வீடு. நான் கட்டத்தோடு போய் உட்கார்ந்தேன்.

"ஹாலுக்கு ஒரு நாளைக்கு எத்தன தடவ போவீங்கக்கா?"

"ரெண்டு தடவ இருக்கும். ஆனா ஹால் பெருசா இருக்கட்டும்லா தம்பி. நல்லது கெட்டதுன்னா நாலு பேரு வருவாங்க."

"நல்லதுக்கு மண்டபம் எடுத்துக்கலாம்," என்றேன். கெட்டதைப் பற்றி நான் கேட்கவில்லை. வீடு கட்டும் நேரத்தில் அந்தப் பேச்சை யார் எடுப்பார்கள்? கட்டத்தில் இரண்டு என்று போட்டேன், மடையன்.

சமையலறையும் படுக்கையறைகளும் தாராளமாக வந்தன. ஹால் மட்டும் பஸ்ஸுக்குள் நடக்கும் வழி மாதிரி ஒடுங்கிப்போனது. "கம்ப்யூட்டர் கட்டுன வீடுலா!" என்று மச்சான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து மச்சான் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து சவப்பெட்டி வந்தபோது நல்ல மழை. எங்கள் வழக்கத்தில் பெட்டியை ஹாலில் வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். இந்த ஹாலில் பெட்டியை வைத்தால் பக்கத்தில் ஓர் ஆள்கூட உட்கார முடியாது. வாசலில் கூடாரத் துணி கட்டியிருந்தார்கள், அதுவும் ஒழுகிக்கொண்டிருந்தது.

அக்கா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அவர உள்ள கொண்டாங்கடா! எங்கப்பாவத்தான் லயத்து வாசல்ல கெடத்துனோம். இவருக்குச் சொந்த வீடு இருக்குலா!"

பெட்டியைத் தூக்கியவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த வீட்டின் ஒவ்வோர் அங்குலமும் எனக்குத் தெரியும்.

"உள்ள எடம் இல்லக்கா," என்று நான்தான் சொன்னேன்.