துரை வளர்த்த தேயிலையாம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். ஆக்லாந்தில், கிளென்ஃபீல்ட் மால் பெஞ்சில் பேத்தி கவிதாவோடு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வெள்ளைக்காரக் கிழவர் இங்கிலாந்தில் தான் பிறந்த கிராமத்தின் வரலாற்றை மடியிலிருக்கும் நோட்டில் எழுதுகிறாராம். சின்ன வயதில் ஆப்பிள் திருடிய பங்களாவின் படத்தைக் காட்டுகிறார். இலங்கையில் தேயிலை வளர்த்த துரை கட்டியது என்கிறாராம். பேத்திதான் தமிழில் சொல்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"துரையா வளர்த்தான்? அட்டை கடிக்கக் கடிக்க நின்னு கொழுந்து பறிச்சது எங்கம்மா மாரியாயி. பத்து வயசுல நானும் கூடை மாட்டினேன். அதையும் எழுதச் சொல்லு."

"பாட்டி, மெதுவா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

கவிதா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவக்கிறது. நோட்டைத் திறந்து எழுதுகிறார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

"கவிதா, வாங்கி வாசி. துரை வளர்த்தான்னு இருந்ததை அடிச்சிட்டாரா? எங்கம்மா பேரு இருக்கா?"