முத்திரை ஒட்டாத கல்யாணம்

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் நான்; பாடம் அரசறிவியல். அப்பாவும் அம்மாவும் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள். அதனால் புலம்பெயர்ந்து குடியேறிய மில்லிக்கனில் எங்கள் தபால்பெட்டிக்குள் விழும் எந்தக் கடிதத்துக்கும் நானே பொறுப்பு. இந்தப் பதவி போதாதென்று, ‘ஒரு சிறிய நாட்டின் வெளிவிவகார அமைச்சின் பங்கு’ என்று இருபது பக்கக் கட்டுரை வேறு எழுதத் தொடங்கினேன். எடுத்துக்கொண்டது நாங்கள் விட்டு வந்த நாட்டைத்தான்.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு, இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில் ஒரு சின்ன நாடு எப்படி நெளிந்து பிழைக்கிறது என்று விளக்குவேன். ஒருநாள் அப்பா கேட்டார்.

“உந்த அமைச்சில வேலை செய்யிறவை காலமை வந்து என்ன செய்வினம்?”

“கொள்கை வகுப்பினம், அப்பா.”

“அது முடிய?”

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.

அக்கா ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துவிட்டுத் தனியே திரும்பியிருந்தாள். அத்தானை இங்கே கூப்பிட விண்ணப்பம் போடவேண்டும். தன் அலுமாரியில் பாதியை அவருக்காக வெறுமையாகவே வைத்திருந்தாள். விண்ணப்ப விபரங்களை வாசித்து, அத்தானிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று சொன்னவன் நான்தான். அவரும் நான் சொன்னபடியே விவாகச் சான்றிதழை ஒருவரின் கையில் கொடுத்து அனுப்பினார்.

“சட்டத்தரணியிட்ட குடுக்குமட்டும் பத்திரமா வைச்சிரு” என்றாள் அக்கா.

இடம்பெயர்ந்து ஓடியபோது அப்பாவின் பத்திரங்கள் எல்லாம் மழையில் கூழாகிப்போயின. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பத்திரம் என்றால் பிளாஸ்டிக். நான் பாலர் வகுப்புக்கு ஒழுங்காகப் போனதற்குத் தந்த தாள்கூட லமினேற் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே பிளாசாக் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடித்த வகையில், மூலைகளை வளைத்து, அக்காவின் கல்யாணத்தை லமினேற் செய்வித்தேன்.

சட்டத்தரணி அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கும் அன்ரி அதை வாங்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினா.

“தம்பி, இதென்ன, சாப்பாட்டுக் கடை மெனுவோ?”

“பாதுகாப்புக்கு, அன்ரி.”

“அங்கத்தைய வெளிவிவகார அமைச்சு பின்பக்கத்தில சீல் குத்தி அனுப்பவேணும் எண்டு நாங்கள் தந்த பேப்பரில இருக்கே, வாசிக்கேல்லையோ? இனி உதில மை ஒட்டுமோ? புதுசாத்தான் எடுக்கவேணும். நீர் என்ன படிக்கிறீர்?”

“கணக்கியல்” என்றேன்.

உண்மையில் அந்த வரியை வாசித்திருந்தேன். அமைச்சு என்ற சொல்லைக் கண்டதும், கட்டுரைக்கு உதவுமா என்று பார்த்தேன். முத்திரை குத்துவதெல்லாம் எழுதுவினைஞர் வேலை என்று தாண்டிப் போய்விட்டேன்.

“அதுக்கு என்னைப் பிடிச்சு லமினேற் பண்ணியிருக்கலாம்” என்றாள் அக்கா. பிறகு அலுமாரியின் வெறுமையான பக்கத்துக் கதவை அடித்துச் சாத்தினாள்.

அத்தான் யாழ்ப்பாணத்தில் புதுப் பிரதி எடுத்து, கொழும்புக்கு பஸ் ஏறினார். அமைச்சு வரிசையில் நின்றபடி எனக்குத்தான் முதலில் போனில் கோல் எடுத்தார்.

“தம்பி, எனக்கு முன்னால ஒரு அம்மா நிக்கிறா. மகன் வெளிநாட்டில வேலைக்குப் போன இடத்தில செத்திட்டான். பெட்டியைக் கொண்டுவர அலையிறா. பின்னால ஒரு பெடியன், கப்பல் வேலைக்குப் போறானாம், கையில நாலு சான்றிதழ். நீர் எழுதிறதில உவையும் வருவினமோ?”

“இல்லை, அத்தான்.”

“போடுமன். சரி, என்ர நம்பரைக் கூப்பிடுறாங்கள்.”

அமைச்சில் வேலை செய்கிறவர்கள் காலையில் வந்து என்ன செய்வார்கள் என்று அன்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையாட்டினார். “அப்ப அது வேலைதான்.” கட்டுரையில் பதினொரு பக்கத்தை வெட்டினேன்.

முத்திரை குத்திய புதுச் சான்றிதழ் வந்தபோது அக்கா அதை என் கண்ணில்கூடக் காட்டவில்லை. விண்ணப்பம் போய், வருடம் திரும்பி, அத்தானும் வந்து சேர்ந்தார். முதல் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது கோப்பைக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் தாளை இழுத்துப் பார்த்தார். அவருடைய சொந்தக் கல்யாணம்.

அதில் சிந்தியிருந்த தேநீரைச் சட்டைக் கையால் துடைத்தார்.

“குறை சொல்லேலாது, தம்பி. ஒரு சொட்டுக்கூட உள்ளுக்குப் போகேல்லை.”

அக்கா சிரித்தாள். பிறகு அவருடைய பெட்டியை இழுத்துக்கொண்டு அலுமாரிப் பக்கம் போனாள்.