ஓவியத் தெருவுக்குள் என் ஜீப்பு

போடியில் எங்கள் தெருவை வண்டியில்லாத ஓவியத் தெருவாக மாற்றப்போகிறோம், செவ்வாய்க்கிழமைக்குள் வண்டிகளை வெளியே எடுத்துவிடுங்கள் என்று நகராட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். என் ஜீப்பு எஞ்சின் வேலை முடிந்து திங்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் உயிர்பெற்றது. எஞ்சினைப் பிரித்துக் கட்டிய வண்டியைச் செவ்வாயில் வெளியே எடுக்கிற டிரைவர் எங்கள் ஊரில் கிடையாது. மலையேறுகிற வண்டி அல்லவா? புதன் காலை எலுமிச்சம்பழம் நசுக்கி எடுப்பதாக இருந்தேன்.

"வெரசா எடுத்து முக்குலயாவது நிப்பாட்டுங்க," என்றாள் மனைவி, செவ்வாய் காலையில்.

"செவ்வாயோ வெறுவாயோ. சர்க்கார் சோலி என்னைக்குச் சொன்ன நாள்ல நடந்துருக்கு?"

அன்றைக்கு நடந்தது. மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுவதற்குள் தெருவின் இரண்டு முனையிலும் இரும்புத் தூண்களை நட்டுச் சிமெண்டும் ஊற்றிவிட்டார்கள். சந்துகளில் பைக் மட்டும்தான் நுழையும். மேஸ்திரியிடம் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஆம்புலன்சுக்குன்னு பூட்டு வச்ச தூணு ஒண்ணு மதுரையில இருந்து வருதுண்ணே. வந்ததும் இதப் பேத்துட்டு அத நடுவோம். அப்ப எடுத்துக்கங்க."

வியாழக்கிழமை முதல் எடுப்பு, இந்த சீசனில் ஏலக்காய் பறிக்கிற முதல் நாள். சிலமலையிலிருந்து பதினோரு பெண்கள் விடியுமுன் பஸ்சில் வந்து எங்கள் தெருமுனையில் இறங்குவார்கள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு நான் ஏற்றிப் போவேன். எட்டு வருஷப் பழக்கம். ஆனால் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. முதல் எடுப்புக்கு எந்த ஜீப்பில் ஏறுகிறார்களோ, சீசன் முடியும்வரை அதே ஜீப்புதான். நடுவில் மாறினால் தோட்டத்திலும் ஏச்சு, டிரைவர்களுக்குள்ளும் சண்டை.

புதனன்று தூணும் வரவில்லை, மேஸ்திரியும் வரவில்லை. ஓவியம் வரைகிற பிள்ளைகள்தான் வாளி வாளியாகப் பெயிண்டோடு வந்தார்கள். எஞ்சின் இறுகிவிடக்கூடாதே என்று அந்தத் தூணுக்கும் இந்தத் தூணுக்கும் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். சர்க்கஸ் புலிகூட இன்னும் கொஞ்சம் கூடுதலாக நடக்கும். "அங்கிள், பெயிண்ட் காயணும், வண்டிய அசைக்காதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டாள் ஒரு பெண். நிறுத்தினேன். மாலைக்குள் வண்டியைச் சுற்றி மலை, மேகம், ஏலச்செடி எல்லாம் முளைத்துவிட்டன. என் ஜீப்புக்கு அடியில் மட்டும் பழைய தார். பொய் சொல்லக்கூடாது, தெரு அழகாகத்தான் இருந்தது. அதனால் ஆத்திரம் இன்னும் அதிகமானது.

அந்தப் பதினோரு பேரில் மூத்தவளுக்குப் போன் போட்டேன். "ரெண்டு நா பொறுங்க ஆத்தா."

"நாங்க பொறுப்போம்ணே. காய் பொறுக்குமா? பழுத்து வெடிச்சுரும்."

வியாழன் விடியலில் அவர்கள் ராசிங்காபுரத்து டிரைவர் ஒருவர் ஜீப்பில் ஏறிப் போனார்கள். அந்த ஹாரன் சத்தம் படுக்கையிலேயே கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விடியலில் மூத்தவள் மட்டும் தூணைத் தாண்டி உள்ளே வந்தாள். மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள்கள், அட்டைக்கடிக்குப் போடுகிற நீளச் சாக்ஸ்கள், வெற்றிலைப் பை எல்லாம் என் ஜீப்பின் சீட்டுக்கு அடியில்தான் எப்போதும் கிடக்கும். அவற்றை எடுக்க வந்திருந்தாள். வரைந்த மேகத்தை மிதிக்கக் கூசி ஓரமாகவே நடந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மேல மழை தட்டுது."

எட்டு வருஷத்தை ஒரே நாளில் மறந்துவிட்டீர்களே என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் சீட்டைத் தூக்கிப் பதினோரு பேர் சாமானையும் பிரித்துப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். எது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அவள் திரும்பிப் போகும்போது வாய் தானாகச் சொன்னது: "ஆத்தா, அவரு வளைவுல ஹாரன் அடிக்க மாட்டாரு. மேல இருந்து மூணாவது வளைவுல யாரும் வெளி ஓரமா ஒக்காராதீங்க. உங்கள்ல சின்னவளுக்கு வாந்தி வரும், முன்னாடி ஏத்தச் சொல்லுங்க."

"சரிண்ணே," என்றாள்.

அவர்களை நான் இன்னொருவன் கையில் ஒப்படைத்துவிட்டேன் என்பது, அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.