‘இல்லை’ என்ற பொத்தான்

இது நடந்தது. என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது. அவள் பொய்யே பேசாதவள், ஆகையால் நம்புங்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இது அவள் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. அதனால் வேறு விதமாகச் சொல்கிறேன். அக்கா பயந்தாங்கொள்ளி இல்லை. பாம்பு வந்தால்கூட, போகிற வழியில் போகட்டும் என்று ஒதுங்கி நின்று பார்ப்பாள். அப்படிப்பட்டவள் இன்றைக்கும் தன் வீட்டுக் கூடத்துக்குள் நுழையும்போது ஒரு கணம் நிலைப்படியில் நிற்கிறாள். அதை நானே பார்த்திருக்கிறேன்.

இருட்டு, மழை, நாய் ஊளை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நல்ல வெயில் நேரத்தில் நடந்தது இது.

அத்தான் வெளியூர்ப் பேருந்து ஓட்டுபவர். போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று தெரியாமல் அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்த காலம் உண்டு. அந்தத் தவிப்பில் பிறந்ததுதான் ‘வந்துட்டேன்’ என்ற செயலி. போன இடத்தில் பொத்தானை அழுத்தினால் போதும். இந்த ஆள் இந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிடும். நல்ல மனசில் முளைத்த காரியம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

அக்காவுக்கு அதைச் செய்து கொடுத்தவன் ஒரு கணினிக்காரன். எந்நேரமும் பிஸ்கட் கொறித்துக்கொண்டிருப்பதால் அவனுக்குச் சுண்டெலி என்று பேர். ஆரம்பத்திலேயே அவன் ஒரு சங்கடத்தைச் சொன்னான்.

“எந்த இடத்தைத் திறந்தாலும் ஆளே இல்லக்கா. காலிக் கடைக்குள்ள எவன் முதல்ல காலை வைப்பான்?”

அதனால் ஒரு ஆளை உண்டாக்கினார்கள். இல்லாத ஆள். சுண்டெலியின் கைபேசியில் கிடந்த ஏதோ ஒரு படத்தை வெட்டி ஒட்டினார்கள். சாம்பல் சட்டை போட்ட ஒருவரின் முதுகு, அவ்வளவுதான். முகம் தெரியாததால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மருந்துக்கடை, சலவைக்கடை, ரயில் நிலையம், பல் வைத்தியர் என்று எந்த இடத்தைத் திறந்தாலும் முதலில் வந்து போனவர் அவராக இருப்பார். அலுவலகத்தில் அவருக்கு ‘நிரந்தரம்’ என்று பேர் வைத்தார்கள்.

“நிரந்தரம் இன்னிக்கு எங்க?”

“காலையில பல் வைத்தியர். மத்தியானம் மாவு மில்லு. பாவம், ஓய்வே இல்ல மனுசனுக்கு.”

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சில கடைக்காரர்கள், கடைக்கு வருபவர்களுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். உடனே சனங்கள் வீட்டில் படுத்துக்கொண்டே ‘வந்துட்டேன்’ அழுத்தத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கச் சாட்சி வைத்தார்கள். ஒருவர் அழுத்தினால் அருகில் இருப்பவரின் கைபேசி கேட்கும்: ‘இவர் இங்கே இருக்கிறாரா?’ ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

நிரந்தரம் எந்த இடத்திலும் இல்லையே! உண்மையான சனங்கள் ‘இல்லை’ என்று அழுத்தித் தள்ளினார்கள்.

“இல்லைங்கிற பொத்தானை எடுத்துடு,” என்றாள் அக்கா. “யாரும் பதில் சொல்லலைன்னா ஆம்னு எடுத்துக்கட்டும்.”

எடுத்தார்கள். கேட்பதற்கு அருகில் ஆளே இல்லாத இடங்களுக்கு அக்காவே தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து ‘ஆம்’ அழுத்தினாள். இருக்கிறார், இருக்கிறார், இருக்கிறார் என்று நாலு வருடம், இல்லாத ஒருவருக்கு. கடவுளை நம்புகிறவள் அவள். பொய்ச்சாட்சி என்ற வார்த்தை ஒரு நாள்கூடத் தன் நினைவுக்கு வரவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

நாலு வருடத்தில் சனங்களுக்கு அலுத்துவிட்டது. எங்கே போனாலும் அழுத்திக்கொண்டே இருக்க யாருக்குப் பொறுமை? இதற்கிடையே பெரிய வரைபட நிறுவனம் ஒன்று, உங்கள் செயலியை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், எங்கள் வரைபடத்தின் ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டது. அக்காவுக்கு மனசில்லை. தனியாக நிற்க வேண்டும் என்று பிடிவாதம். அதற்கு ஒரே வழி, ஒரு முதலீட்டாளர் கைகொடுக்க வேண்டும். அவரும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். எப்போதும் கோட்டு போட்டிருப்பதால் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பேர்.

அவர் வருவதற்கு முந்தைய வாரம்தான் தொடங்கியது.

முதலில் ஒரு புகார் வந்தது. தையல்கடைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: ‘உங்க ஆள் எங்க கடைல வந்து நிக்கிறான். பேசமாட்டேங்கிறான். திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கிறான். கூட்டிட்டுப் போங்க.’

யாரோ விளையாடுகிறார்கள் என்று அக்கா நினைத்தாள்.

மறுநாள் சலவைக்கடையிலிருந்து அதே புகார். அடுத்த நாள் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்: ‘இவருக்கு என்ன வேணும்? நான் நகர்ந்தா இவரும் நகர்றார்.’

“நீதானே அவரை அங்கெல்லாம் அனுப்புற?” என்று அக்கா சுண்டெலியைக் கேட்டாள்.

“நான் ஒரு வாரமா அவரைத் தொடவே இல்லக்கா.”

அவன் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டான். அதுதான் அக்காவுக்கு முதல் பயம்.

இன்னொன்றும் இருந்தது. படத்தில் முதுகும் பின்தலையும்தான் தெரியும். அன்றைக்குப் பார்த்தால் ஒரு காது தெரிந்தது. கோட்டுக்காரர் வந்த அன்று காலையில் கன்னமும் கொஞ்சம்…

“அழிச்சுடலாம்க்கா,” என்றான் சுண்டெலி.

“அவரை எடுத்தா எல்லா இடமும் காலியாத் தெரியும். இந்த ஒரு நாள் போகட்டும்.”

மூன்றரைக்குக் கோட்டுக்காரர் வந்தார். உட்காரும்போதே நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். சுவரில் பெரிய திரை. அதில் நகரத்தின் வரைபடம். யாராவது ‘வந்துட்டேன்’ அழுத்தினால் அந்த இடத்தில் பச்சைப் புள்ளி எரியும்.

“ஒண்ணு கேக்குறேன்,” என்றார் அவர். “அவங்க வரைபடத்துல இது ஒரே ஒரு பொத்தான். நீங்க அந்த ஒரு பொத்தானுக்கு வாடகை கட்டி, ஆள் வச்சு, ஏசி போட்டு, கடை நடத்துறீங்க. எத்தனை நாளைக்கு?”

“பத்திரமா வந்துட்டேன்னு சொல்றதுக்கு ஒரு இடம் வேணும்ல சார்.”

“அதுக்குத்தான் போன் இருக்கே. சட்டையோட சேர்த்துத் தைச்சாத்தான்மா அதுக்குப் பேர் பொத்தான். தனியாக் கெடந்தா பெருக்கி அள்ளிருவாங்க.”

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அவர் கண் திரையைவிட்டு அகலவில்லை. “எந்த இடமும் காலியா இல்லையே. அது மட்டும் பரவாயில்ல,” என்றார்.

அப்போதுதான் அக்கா கவனித்தாள். பழைய புள்ளிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. நிரந்தரம். அக்கா வீட்டுத் தெருமுனை மருந்துக்கடை.

சற்று நேரத்தில் அடுத்தது. அதே தெரு, மாவு மில்.

அதற்கும் அடுத்தது… எதிர்வீட்டு வாசல்.

மணி நாலு பத்து. எட்டு வயசு மகள் குட்டி பள்ளியிலிருந்து வந்து, கதவைத் திறந்து, உள்ளே பூட்டிக்கொண்டு, பழைய டேப்லட்டில் ‘வந்துட்டேன்’ அழுத்தும் நேரம். அத்தான் வர ஐந்தாகும்.

வீட்டில் பச்சைப் புள்ளி எரிந்தது. குட்டி.

அக்கா மூச்சுவிட்டாள்.

அதன் பக்கத்திலேயே இன்னொரு புள்ளி எரிந்தது.

அக்கா கைபேசியை எடுத்தாள். வீட்டில் குட்டிக்கென்று வைத்திருந்த கைபேசிக்கு அழைத்தாள்.

“குட்டி, தனியாவா இருக்க?”

“இல்லம்மா. ஒரு மாமா இருக்கார்.”

“எங்க?”

“ஜன்னல்கிட்ட. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறார்.”

“கதவு?”

“பூட்டித்தாம்மா இருக்கு.”

பின்னால் கோட்டுக்காரர், “இங்க வேலை நடக்குதா, குடும்பம் நடக்குதா?” என்றார்.

“அம்மா, டேப்ல கேக்குது. இவர் இங்கே இருக்கிறாரான்னு. ஆம் மட்டும்தான் இருக்கு. அழுத்தவா?”

“அழுத்தாத. தொடாத.”

“தொடலைன்னாலும் வட்டம் சின்னதாயிட்டே வருதும்மா.”

அது அக்காவே வைத்த வட்டம். பதில் வராவிட்டால் முழுசாகச் சுருங்கி, ஆம் என்று எடுத்துக்கொள்ளும்.

“குட்டி, வெளிய ஓடு.”

“கதவு அவருக்கு அந்தாண்ட இருக்கும்மா… இரும்மா.”

கைபேசியைக் கீழே வைக்கும் சத்தம்.

சின்னக் கால்களின் சத்தம்.

குழாய் திறக்கும் சத்தம்.

பிறகு… ஒரு ஆண் குரல். தணிந்த குரல். என்ன சொன்னது என்று புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது.

“அவரை எடுத்துடு,” என்றாள் அக்கா.

சுண்டெலி கோட்டுக்காரரைப் பார்த்தான். “அக்கா… இவர் முன்னாடியா? எல்லாம் போயிடும்.”

அக்கா திரும்பினாள்.

“சார். அப்படி ஒரு ஆளே கிடையாது. நாங்க உண்டாக்கினது. எல்லா இடத்துலயும் முதல்ல வந்தது அந்தப் பொய்தான். இருக்கார் இருக்கார்னு சாட்சி சொன்னது நான். நாலு வருசமா.”

சுண்டெலி விசையைத் தட்டினான்.

திரையில் புள்ளிகள் அணைந்தன. தெருத் தெருவாக. பேட்டை பேட்டையாக. கடைசியில் அங்கங்கே ஒன்றிரண்டு மிஞ்சின.

அதில் ஒன்று குட்டி. பக்கத்தில் யாரும் இல்லை.

“குட்டி…?”

குழாய் சொட்டும் சத்தம்.

“குட்டி…”

டம்ளர் ஒன்று மேசையில் உட்காரும் சத்தம்.

“போயிட்டார்மா.”

“கதவைத் திறந்தா?”

“இல்ல. நின்னுக்கிட்டே இருந்தார். அப்புறம் இல்ல.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “என்ன கேட்டார்டா செல்லம் உன்கிட்ட?”

“அம்மா எப்ப வருவான்னு கேட்டார். கோவமாக் கேட்டார். தெரியாதுன்னேன். தண்ணி வேணுமா மாமான்னு கேட்டேன். குடிச்சார். அவருக்குக் காலு ரொம்ப வலிக்குதாம்மா. நடக்க வச்சே கொன்னுட்டாங்களாம்.”

கோட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். அந்த மாதமே ‘வந்துட்டேன்’ வரைபடக்காரர்களிடம் போனது. இப்போது அவர்கள் வரைபடத்தின் மூலையில் அது ஒரு பொத்தான். அக்கா அவர்களிடம் கேட்டது ஒன்றுதான், ‘இல்லை’ என்ற பொத்தானைத் திரும்ப வைத்துவிடுங்கள் என்று. சிரித்தார்களாம். வைக்கவில்லை.

அன்றைக்குக் குட்டியைக் காப்பாற்றியது எது? அக்கா உண்மையைச் சொன்னதா, குட்டி கொடுத்த தண்ணீரா? என் மனசு தண்ணீர் பக்கம்தான் சாய்கிறது. மிரட்ட வந்தவரிடம் தாகமா என்று கேட்க, எட்டு வயசுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன்.

போன மாதம் சுண்டெலி அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். நானும் இருந்தேன். பழைய கைபேசியில் இருந்த படங்களை அழிக்கும்போது நிரந்தரத்தின் படம் கிடைத்ததாம். வெட்டாத முழுப் படம். காட்டினான்.

அதில் காது தெரியவில்லை. கன்னம் தெரியவில்லை. வெறும் முதுகுதான். ஆனால் அவரைச் சுற்றி ஒரு காலிக் கூடம். இடது பக்கம் ஜன்னல். ஜன்னல் கம்பியில் ஒன்று மட்டும் வளைந்திருந்தது.

நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தோம். வளைந்த கம்பி அங்கே இருந்தது.

“நீங்க இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னிக்கு எடுத்ததுக்கா,” என்றான் சுண்டெலி. “காலி வீடு அழகா இருக்கேன்னு எடுத்தேன். சாமான் இறக்க வந்த ஆள் குறுக்க நின்னுட்டான்.”

அக்கா படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அன்னிக்கு சாமான் இறக்க நாங்க ஆளே வைக்கலடா. நீ, நான், அத்தான். மூணே பேர்தான்.”

குட்டி தனியாக இருந்த அன்றைக்கு நிரந்தரம் அந்த வீட்டைத் தேடி வரவில்லை. தன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார்.

குட்டி இப்போதும் பள்ளிவிட்டு வந்ததும் ஜன்னல் ஓரம் ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறாள். அக்கா தடுப்பதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பார்த்தால் டம்ளர் காலியாக இருக்கும்.

கழுவி, கவிழ்த்து வைத்திருக்கும்.