கேப்டனுக்கு விழாத ஓட்டு

என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சுக் குடிமகன் என்பதால், புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் குடியிருந்தாலும் அவருடைய ஓட்டு தெற்கு பிரான்சில் ஒரு துறைமுக ஊரில் இருந்தது. எண்பதுகளில் அந்த ஊர்த் தேர்தலில் அப்பாவின் பழைய கேப்டன் நின்றார். இந்தோசீனாவில் அடிபட்டுக் கிடந்த அப்பாவைத் தோளில் தூக்கிவந்து காப்பாற்றியவர் அவர்.

அப்பா பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய், அந்த ஊரிலேயே வாழ்ந்த என் சித்தப்பா தமக்குப் பதிலாக ஓட்டுப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தார். "கேப்டனுக்குத்தான் போடணும்" என்று ட்ரங்க் காலில் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது.

கேப்டன் தோற்றார். அடுத்த வருஷம் லீவில் வந்த சித்தப்பா, சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்.

"அந்தாளுக்கு நான் போடலண்ணே. நம்மள மாதிரி ஆளுங்கள நாட்ட விட்டு அனுப்பணும்னு மேடைக்கு மேடை பேசுனாரு. அங்க பொழைக்கிறவன் நானு."

அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "அவரா அப்பிடிப் பேசுனாரு?" என்றார். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா. அது என் ஓட்டுடா" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

சித்தப்பா விமானம் ஏறக் கிளம்பிய அன்று அப்பா அறையை விட்டு வெளியே வரவே இல்லை. அவரை அதிகம் ஏமாற்றியது யார் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.