வெள்ளி டம்ளரில் ஒரு காபி

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கத்திரி வெயில் காலம். இடம், திருச்சிக்குக் கிழக்கே அரியமங்கலத்தில் ஓர் இரும்பு வார்ப்படப் பட்டறை. வெளியே வெயில், உள்ளே உலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேஜையைப் போட்டு, அதன் பின்னால் என்னை உட்கார வைத்து, மானேஜர் என்று பெயரும் கொடுத்திருந்தார் முதலாளி.

இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது காலில் விழுந்தால் வலிக்கும் என்பதுதான். என் இங்கிலீஷுக்காகவும் நாலு பேரிடம் பழகத் தெரிந்தவன் என்பதற்காகவும் என்னை வைத்துக்கொண்டிருந்தார். பழகுவதில் எனக்குப் படிப்பே உண்டு. தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகக் கடையில், வெள்ளைக்காரர் ஒருவர் எழுதிய மரியாதைப் புத்தகத்தை வாங்கிக் கரைத்துக் குடித்திருந்தேன். கை குலுக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும், விசிட்டிங் கார்டை எப்படி நீட்ட வேண்டும், சூப்புக் கிண்ணத்தை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. சூப்பை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

முதலாளிக்கு இந்தப் படிப்பெல்லாம் கிடையாது. லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லை விட்டு இரும்புக்கு வந்தவர். அவர் அறிந்த மரியாதை ஒன்றே ஒன்று: படியேறி வந்தவர் வெறும் வாயோடு இறங்கக் கூடாது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. தபால்காரர் வந்தாலும் காபி, வரி கேட்டு வந்தாலும் காபி. சண்டை போட வந்தவர்கள்கூடக் காபியைக் குடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்க வேண்டும்.

அந்தச் சமயம் ஊருக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலை புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இரும்பு மூடிகளும் சட்டங்களும் வார்த்துக் கொடுக்க டெண்டர் போட்டிருந்தோம். பட்டறையை நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் உலை அப்போது வாரத்தில் பாதி நாள் அணைந்தே கிடந்தது. இந்த ஆர்டர் வராவிட்டால் ஆட்களைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. குறைக்க ஆரம்பித்தால், பட்டறையில் இரும்பு தெரியாத ஆள் யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எனக்கு வாய்த்த கவலையின் அளவை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அதிகாரிக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். முதலாளி தன் காரை அனுப்பி வைத்தார். கார் காலியாகத் திரும்பி வந்தது. அதற்குச் சற்றுப் பின்னால், நெற்றியில் பளிச்சென்ற திருமண்ணும் கையில் குடையுமாக, இரண்டு பஸ் மாறி, வியர்வையில் நனைந்து அவர் வந்து சேர்ந்தார்.

வாசலில் முதலாளி எலுமிச்சம்பழத்தை நீட்டினார். பெரிய மனிதர்களை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதே. அதிகாரி இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். கூப்பிய கையில் எலுமிச்சம்பழத்தை எங்கே செருகுவது? நிலைமையைச் சமாளிக்க நான் முன்னால் போய், புத்தகத்தில் சொன்ன கோணத்தில் கையை நீட்டினேன். எனக்கும் ஒரு கும்பிடுதான் கிடைத்தது. நீட்டிய கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வது பற்றி அந்த வெள்ளைக்காரர் ஒன்றும் எழுதவில்லை. தலையைச் சொறிந்துகொண்டேன்.

அடுத்துக் காபி வந்தது. மாப்பிள்ளை வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் வெள்ளி டம்ளரில், முதலாளியின் மனைவி தன் கையால் கலந்தது. வாசனை உலைப்புகையையும் தாண்டி வந்தது.

"க்ஷமிக்கணும். வேண்டாம்" என்றார் அதிகாரி.

"சர்க்கரை கம்மியாப் போட்டு வேற கொண்டாரச் சொல்றேங்க."

"வேண்டாம்."

"மோருங்க? வெயிலுக்கு நல்லது."

"வேண்டாம்."

"இளநி வெட்டச் சொல்லட்டுங்களா? நம்ம மரத்துதுதான்."

"ஒண்ணுமே வேண்டாம். வார்ப்படத்தைப் பார்த்துடலாமே."

முதலாளியின் முகம் அப்படியே இறுகிவிட்டது. அதிகாரி சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு குனிந்ததும், முதலாளி என்னை உலைக்குப் பின்னால் மணல் குவியல் பக்கம் கூப்பிட்டார்.

"ஆளை அனுப்பி வெச்சிடுங்க மானேஜர்."

"முதலாளி!"

"மரியாதையாவே அனுப்புங்க. சரக்குக் கொடுக்க நமக்குத் தோதுப்படாதுன்னு சொல்லிடுங்க."

"எதுக்கு முதலாளி? காபி வேண்டாம்னா ஒரு ஆர்டரையே..."

"காபியா? கார்ல ஏறலை. பழத்தைத் தொடலை. நீங்க கை கொடுத்தீங்களே, தொட்டாரா?" குரலை உயர்த்தாமல்தான் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சின்ன வயசுல எங்க அய்யாவோட ஒரு பெரிய வீட்டுக்கு நெல்லு கொண்டு போனேன். தண்ணி கேட்டேன். எட்ட நின்னு கையில ஊத்தினாங்க. கையைக் குவிச்சுக் குடிச்சேன். அன்னைக்கு அது அவங்க வீடு. இது என் இடம். இங்க வந்தும் என் வீட்டுத் தண்ணி ஆகாதுன்னா, என் இரும்பு மட்டும் அவருக்கு எதுக்கு?"

அவர் சொன்னதில் எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நானும் அந்தத் திருமண்ணைத்தானே பார்த்தேன். சொன்னபடி செய்யலாம் என்று கூடத்துக்குத் திரும்பினேன்.

அதிகாரி தனியாக இருந்தார். மாதிரிக்காக வரிசையாக வைத்திருந்த வார்ப்படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையில் அந்தக் காபி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு சட்டத்தைத் தட்டுவார், காபியைப் பார்ப்பார். அடுத்ததைத் தட்டுவார், மறுபடி பார்ப்பார். தொண்டை ஏறி இறங்கியது. நான் ஒரு காபிப் பைத்தியம். இன்னொரு காபிப் பைத்தியத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு பொருளை அருவருத்து ஒதுக்குகிறவன் அதைப் பார்த்து எச்சில் விழுங்க மாட்டான்.

வந்த விருந்தாளியிடம் காரணம் கேட்கக் கூடாது, அதிலும் ஆர்டர் கொடுக்கப்போகும் அதிகாரியிடம் கேட்கவே கூடாது என்பது நான் படித்த பாடம். துணிந்து கேட்டுவிட்டேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குக் காபி பிடிக்காதா?"

"பிடிக்காதாவது! கார்த்தாலே ஒரு வாய் குடிச்சதோட சரி. மனுஷனைச் சோதிக்கறதுக்குன்னே கொண்டுவந்து வெச்சிருக்கேள்."

"அப்புறம் ஏன் சார் வேண்டாம்னீங்க? எங்க முதலாளி அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டார்."

"வேற மாதிரின்னா?"

என் கண் என்னைக் கேட்காமல் அவர் நெற்றிக்குப் போய்விட்டது. அவர் கையும் மெல்ல அங்கே போயிற்று. சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பெருமாளே!" என்றார். பிறகு, "அவர் எங்கே இருக்கார்?" என்று கேட்டார்.

"நான் போய்ச் சொல்லிடறேன் சார்."

"நீங்க சொல்லப்படாது. நான்னா சொல்லணும்."

உலைக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையில் கரி படுவதைப் பொருட்படுத்தாமல் போய் முதலாளி எதிரில் நின்றார். அவர் சொன்னதன் சாரம் இது. டெண்டர் போட்டவர்கள் யாரிடமும், முடிவு ஆகும் வரை, வெற்றிலை பாக்குகூட வாங்கிக்கொள்வதில்லை என்று அவர் தனக்குத் தானே ஒரு நியமம் வைத்திருந்தார். முந்தின நாள் பார்த்த பட்டறை அவருடைய சொந்த அத்திம்பேருடையது.

"அங்கேயும் குடிக்கலை. எங்கக்கா தட்டை நிறைய வெச்சுண்டு வாசல் வரைக்கும் வந்தா. அழாத குறை. இனிமே இந்தாத்துப் படி ஏறாதேன்னுட்டா. உங்களுக்கு ஒரு கோபம்னா எனக்கு ரெண்டாத்துக் கோபம்."

முதலாளி அசையவில்லை. "எங்க மானேஜருக்குக் கை கொடுக்கலையே?"

"அதுவா? அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாது. என் பிள்ளை பரீட்சையில முதலா வந்தப்போ அவன் கையை நீட்டினான். அவனுக்கே கும்பிடுதான் போட்டேன்."

வார்ப்பு ஆட்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை; ஆனால் நின்ற நிலை தளர்ந்தது.

"தண்ணியுமா ஆகாது?" என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவருக்குப் பதில் வேண்டியிருந்தது.

அதிகாரி யோசித்தார். மனிதர் நியமத்தை மீறவும் தயாரில்லை, எதிரில் நிற்பவரை விட்டுவிடவும் தயாரில்லை. மூலையில் இருந்த குழாயைப் பார்த்தார்.

"அந்தக் குழாய் யாருது?"

"பஞ்சாயத்துக் குழாய்ங்க."

"அப்போ சர்க்கார் தண்ணி. அதுல உங்க உபசாரம் ஒண்ணும் இல்லை. நீங்களே பிடிச்சுக் கொடுங்கோ."

முதலாளி இன்னொரு வெள்ளி டம்ளருக்காக வீட்டுப் பக்கம் ஓடப் பார்த்தார். "அது வேண்டாம். இவா குடிக்கறதே இருக்கே" என்று, ஆட்கள் குடிக்கும் நசுங்கிய அலுமினியக் குவளையைக் காட்டினார் அதிகாரி. முதலாளி அதை நன்றாகக் கழுவி, நிறையப் பிடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து, மடமடவென்று, சட்டையெல்லாம் சிந்தக் குடித்தார். குவளையை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார். முதலாளி மறுபடி பிடித்துக் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உலைச்சூடு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

கதை இங்கே சுபமாக முடிந்ததென்று நான் நிமிர்ந்தபோது, அதிகாரி மறுபடி சுத்தியலை எடுத்தார். தட்டித் தட்டி, சத்தம் சரியில்லாதவற்றின் மேல் சாக்குக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். வரிசையில் கணிசமான பகுதி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறது, இவற்றை உருக்கி மறுபடி வார்த்துக் காட்டினால் சிபாரிசு செய்வதாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதலாளி சாக்குக்கட்டிக் குறிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னங்க மானேஜர், என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு இப்படிப் பண்ணிட்டுப் போறாரு?"

"காபியைக் குடிச்சிருந்தா இதையெல்லாம் போட்டிருக்க முடியாது முதலாளி."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே உலையை மூட்டச் சொன்னார். மறுபடி வார்த்ததெல்லாம் மணி மாதிரி ஒலித்தது, ஆர்டரும் வந்தது. வெள்ளி டம்ளர்க் காபி வீணாகக் கூடாதென்று அன்றைக்கு நானே குடித்துவிட்டேன். மாப்பிள்ளைக்குரிய மரியாதை எனக்குக் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

நடுவயது வந்துவிட்ட இந்நாளிலும் அலுவலகத்தில் நான் நீட்டியதை யாராவது ஒதுக்கினால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு முன் காரணத்தைக் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் வயிற்றுக் கோளாறு என்கிறார்கள். ஆனால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு பொய்யை நம்பிக்கொண்டு மிகுந்த மரியாதையோடு பிரிந்து போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது, மரியாதை தெரியாதவனாக நான் நடந்துகொண்ட அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நானே இன்னும் மெச்சிக்கொள்கிறேன்.