நைனாவின் டம்ளர்

என் வீட்டுக்காரர் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதமும் நான் அவர் சட்டையை மோந்து பார்க்காமல் துவைத்ததில்லை. எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

நைனாவின் வருஷப் படையலுக்கு மெல்போர்னிலிருந்து தம்பி செஞ்சிக்கு வந்தான். எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் பிடித்ததை போட்டோ முன்னால் இலையில் வைப்போம். நைனாவுக்குக் கருவாட்டுக் குழம்பு, பீடிக்கட்டு, ஒரு டம்ளர் பிராந்தி. அந்த டம்ளரைக் கீழே கொட்டக் கூடாது, மூத்த மாப்பிள்ளைதான் எடுத்துக் குடிக்க வேண்டும் என்பது வழக்கம். போன வருஷம் நானும் அம்மாவும் பேசிவைத்துக்கொண்டு பிராந்திக்குப் பதில் கலர் சோடா ஊற்றிவிட்டோம். அவர் குடியை விட்டதைத் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால், முன்பு குடித்துக் கிடந்த கதையெல்லாம் வெளியே வந்து அவர் மானம் போகும் என்று நினைத்தேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் அப்பளம் பொரித்துக்கொண்டு வருவதற்குள் தம்பி பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, டம்ளரில் பாதிக்கு ஊற்றிவிட்டான்.

"இன்னாடா இது?"

"ஆஸ்திரேலியா சிங்கிள் மால்ட் விஸ்கிக்கா. கடைசியில இஞ்சி பீர் இருந்த பீப்பாயில ஊற வச்சது. அந்த மாதிரி பீப்பாயில லேசுல யாரும் வெக்க மாட்டாங்க. நைனா இருந்தா அசந்துருப்பாரு."

குடித்துக் குடித்துத்தான் நைனா போய்ச் சேர்ந்தார் என்பதை அவனுக்கு யார் ஞாபகப்படுத்துவது?

கற்பூரம் காட்டி முடித்ததும் தம்பி டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினான். "மாமா, எடுத்துக்கோங்க." செஞ்சிக் கோட்டைப் பாறைச் சூடு மத்தியானத்தில் எங்கள் தெருவுக்கே இறங்கிவிடும். ஃபேன் சுற்றியும் அவர் நெற்றி வியர்த்தது. கை பாதி தூரம் போய்விட்டது. அம்மா சுவரைப் பார்த்தாள்.

பாய்ந்து பிடுங்கி ஒரே மடக்காகக் குடித்துவிட்டேன்.

"ஐயோ அக்கா! தண்ணி ஊத்தி மெதுவா குடிக்கணும்!" என்று தம்பி கத்தினான். தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. எரிச்சல் அடங்கியதும் நாக்கில் சுக்கு ருசி வந்தது. பின்னாலேயே கருகிய வெல்லம், வறுத்த மல்லாட்டைக் கடலை. கோயிலில் கொடுக்கும் பானகத்தைச் சூடாகக் குடித்தது போல் இருந்தது. நெஞ்சுக்குள் இறங்க இறங்க, பதினான்கு மாதமாக இறுகிக் கிடந்த என் தோள்பட்டை தளர்ந்தது. நன்றாக இருந்தது. அப்படி அதுல இன்னாதான் இருக்குது என்று இருபது வருஷமாக அவரோடு சண்டை போட்டவள் நான். பதில் கிடைத்துவிட்டது. பயமாக இருந்தது.

"எப்டி இருக்குது?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"கண்றாவி. மூட்டப்பூச்சி மருந்து மாதிரி இருக்குது."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

தம்பி கிளம்பிய பிறகு மீதி இருந்த பாட்டிலை அவர் கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். அப்போதே கொட்டியிருக்கலாம். தம்பி ஆசையாக வாங்கி வந்தது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் உலைக்கு அரிசி அளந்தேன். அளந்து முடித்தும் கை உள்ளேயே துழாவிக்கொண்டிருந்தது. பாட்டில் கழுத்து தட்டுப்பட்டதும் மனசு குளிர்ந்தது. வெளியே எடுத்து மூடியைத் திருகி மோந்து பார்த்தேன். நிமிர்ந்தால், அவர் சமையலறை வாசலில் நிற்கிறார்.

"அரிசியில வண்டு இருக்குதான்னு பாத்தேன்," என்றேன். அவர் என்னிடம் சொன்ன அத்தனை பொய்யிலும் இவ்வளவு கேவலமான பொய் கிடையாது.

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து சிங்க் குழாயைத் திறந்துவிட்டார். பாட்டிலைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ ஊத்து. நான் இங்கயே நிக்கிறேன். தனியா ஊத்த முடியாது. எனக்குத் தெரியும்."

அழுதுகொண்டே ஊற்றினேன். சமையலறை முழுக்கப் பானக வாசனை. பாட்டில் காலியாகும் வரை அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.